பிள்ளைக்குப் பள்ளி, தாய்க்குக் கூலி

பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை



கூலி, பஞ்சப்படி, போனஸ், வேலைநீக்கம் என்று பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமும் கூலி விஷயம்தான். ஆனால் இந்தக் கூலி நஷ்டம் மில் வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. மஸ்டர் ரோலில் ஏறாது. வீட்டுக்குள்ளே, கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

உங்கள் தெருவை மனதில் எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பையன். நடக்கவில்லை, பேச்சு வரவில்லை. இன்னொரு வீட்டில் இருபது வயதுப் பெண். தானாகக் குளிக்கவும் சேலை கட்டவும் தெரியாது. இப்படி ஒரு வீடாவது இல்லாத தெரு உண்டா? அந்த வீட்டில் தாய் வேலைக்குப் போவதில்லை. போக முடியாது. அவள் போனால் சோறு ஊட்டுவது யார், துணி மாற்றுவது யார்? இரண்டு கூலி வர வேண்டிய வீட்டில் ஒரு கூலிதான் வருகிறது. அந்த ஒரு கூலியிலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் செலவு, வலிப்பு மாத்திரைச் செலவு, கோயிலுக்கு நேர்ந்துகொண்ட செலவு எல்லாம் போக வேண்டும்.

நடவுக் காலத்தில் வேறு வழியே இல்லாமல், பிள்ளையைச் சேலையால் கட்டில் காலில் கட்டிவிட்டு வயலுக்கு ஓடும் தாயும் இருக்கிறாள். ஊர் அவளைத் தூற்றுகிறது. விஷயம் தெரிந்தால் அதிகாரியும் வந்து அதட்டுகிறார். கட்டியது அவள் கைதான். அவளைக் கட்ட வைத்தது எது என்று அதிகாரியைக் கேட்க நமக்குத்தான் வாய் வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு. வளர்ச்சிக் குறைபாடு என்று நாம் சொல்வது பைத்தியத்தை அல்ல. மனநோய் எந்த வயதிலும் வரும், மருந்தால் பெரும்பாலும் அடங்கும். இது பிறவியிலேயோ பிள்ளைப் பருவத்திலேயோ மூளையின் வளர்ச்சி தடைப்படுவதால் வருவது. அறிவு வளர்ச்சிக் குறைவு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் என்று பல வகை. சிலருக்குக் கருவிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக அமைந்துவிடுகிறது. சிலருக்குப் பிரசவம் இழுத்துப்போய், பிறந்தவுடன் குழந்தை அழாமல், மூளைக்குப் பிராணவாயு போகாததால் வருகிறது. பிறந்த குழந்தையின் கடும் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டாலும், மூளைக் காய்ச்சல் வந்தாலும், கர்ப்பிணியின் உணவில் அயோடின் போதாவிட்டாலும் வரலாம். பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. முன்ஜென்ம பாவம் என்பது மட்டும் காரணமல்ல. மருமகளின் ராசியும் காரணமல்ல. பணக்காரர் வீட்டிலும் இப்படிப் பிள்ளை பிறக்கிறது. ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி கண்டு, வண்டி கிடைக்காமல், இரண்டு ஆஸ்பத்திரி திருப்பியனுப்பி, மூன்றாவது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது யார் வீட்டுப் பெண் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தக் குழப்பம் நம் ஜனங்களிடம் மட்டும் இருந்ததல்ல. வெள்ளைக்காரன் 1912இல் கொண்டுவந்த பைத்தியக்காரர் சட்டம் இரு சாராரையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒரே மதிலுக்குள் அடைக்க வழி செய்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. 1987இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த மனநலச் சட்டம்தான் அறிவு வளர்ச்சிக் குறைவு மனநோயல்ல என்று பிரித்தது. சுதந்திரம் வந்து 46 ஆண்டு கழித்து!

பிறகு சட்டங்கள் வந்தன. 1995இல் ஒரு சட்டம். அதில் இவர்களையும் ஊனமுற்றோர் என்று சேர்த்துக்கொண்டார்கள்; ஆனால் சர்க்கார் வேலையில் ஒதுக்கிய 3 சதத்தைப் பார்வை, செவி, கைகால் குறையுள்ளவர்களுக்கே பங்கிட்டார்கள். அறிவு வளர்ச்சி குறைந்தவருக்கு அதில் பங்கில்லை. ஆட்டிசம் என்ற பெயரே அந்தச் சட்டத்தில் கிடையாது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல குறைபாடுகள் சேர்ந்தது என்ற நான்கு வகையினருக்கும் இது. இதற்கு மத்திய சர்க்கார் ஒரே தடவையாக 100 கோடி ரூபாய் மூலதனம் போட்டது. அதன் வருமானத்திலிருந்து இவர்களுக்குத் தக்க வாழ்க்கைத்தரம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே. நாம் பஞ்சப்படிக் கணக்கே போடுகிறவர்கள், இது பெரிய விஷயமல்ல. நூற்றுக்கு 7 வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 7 கோடி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் அறிவு வளர்ச்சி குறைந்தவர் என்று பதிவானவர்கள் மட்டும் 15 லட்சத்துக்கு மேல். வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 50 ரூபாய்கூட வராது. பின்னாளில் பட்ஜெட்டிலிருந்தும் ஏதோ மானியம் தந்தார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தக்க வாழ்க்கைத்தரம் என்ற சொல் அந்தத் தொகைக்குள் எப்படி அடங்கும்?

2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைவிட மேலானது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. வருடக்கணக்கில் வீதியில் நின்று போராடியதன் பலன் அது. குறைபாட்டின் வகைகள் 7இலிருந்து 21 ஆயின. சர்க்கார் வேலையில் 4 சதம்; அதில் ஒரு சதம் அறிவு வளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், மனநோய் போன்றவற்றுக்கு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. நிலம், வீடு ஒதுக்கீட்டில் 5 சதம். வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதம். மற்றவர்களுக்கு அதே மாதிரித் திட்டத்தில் என்ன தருகிறார்களோ அதைவிடக் குறைந்தது 25 சதம் கூடுதலாக இவர்களுக்குத் தர வேண்டும். மிகுந்த உதவி தேவைப்படுபவரைப் பராமரிப்பவருக்குப் படி தரலாம் என்றும் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர்கள் நிலம், வீட்டுமனை பற்றிய அந்த 5 சதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மனை கேட்டு மனுப் போடும்போது இதுவரை நாம் அந்த விதியைக் கையில் எடுத்ததில்லை.

சட்டம் நல்லதாக இருக்கலாம். வேலை நடப்பது சட்டப் புத்தகத்தில் இல்லை, ஆபீஸ் மேஜையில் நடக்கிறது. அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம்.

மத்திய சர்க்கார் ஏழை ஊனமுற்றோருக்கு ஒரு மாதாந்திர ஓய்வூதியம் வைத்திருக்கிறது. 2012இல் அதை 300 ரூபாய் ஆக்கினார்கள். 2025இலும் அதே 300தான். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025இல் அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒரு மாதப் பென்ஷன் ஒரு நாள் கூலிக்குக் குறைவு! அதையாவது எல்லோருக்கும் தருகிறார்களா? 80 சதம் குறைபாடு இருந்தால்தான். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைவை அளக்கும் சர்க்கார் விதியில் லேசானது என்றால் 50 சதம், நடுத்தரம் என்றால் 75 சதம், கடுமை 90, மிகக் கடுமை 100. நடுவில் வேறு எண் கிடையாது. நடுத்தரக் குறைவுள்ளவர் பஸ்ஸில் தனியாகப் போக மாட்டார், காசு எண்ண மாட்டார், அடுப்புப் பக்கம் தனியே விட முடியாது. அவருக்கு 75. வாசற்படி 80. டாக்டர் மனமிரங்கினாலும் 76 போட இடமில்லை. ஒரு எண்ணை மேஜையில் வைத்து எழுதிய ஒரு கை, அத்தனை குடும்பங்களையும் வெளியே நிறுத்திவிட்டது. திட்டத்தை நிர்வகிப்பது என்றால் இதுதான்: யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பது. அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதே நமது கேள்வி.

மாநில சர்க்கார் தரும் பராமரிப்புத் தொகை இதைவிடப் பரவாயில்லை. தமிழ்நாட்டில் 1500 ஆக இருந்ததை 2023 ஜனவரி முதல் 2000 ஆக்கினார்கள். அதுவும் தானாக வரவில்லை. மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பெற்றவர்களும் மறியல் செய்து கைதாகி வாங்கியது. ஆந்திராவில் 2024இல் 3000 ரூபாயை 6000 ஆக்கினார்கள். பக்கத்து மாநிலத்தில் முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்பது நியாயம்தான், கேட்க வேண்டும். ஆனாலும் பணத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொண்டால் தாய் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. 2000 ரூபாய் அவள் இழந்த கூலியில் எத்தனை நாள் கூலி? பிள்ளை பகல் முழுவதும் பத்திரமாக, பசியில்லாமல், ஏதாவது கற்றுக்கொண்டு இருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், அல்லது வண்டி வாசலுக்கு வர வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகளைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. சர்க்கார் மானியம் தருகிறது. நல்ல மனதோடு நடத்துபவர்கள் பலர் உண்டு, அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் நகரத்தில் இருக்கின்றன. தர்மமாக நடப்பதில் நாம் கணக்குக் கேட்க முடியாது; கும்பிட்டுவிட்டு வரலாம். கல்வித் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தக் கூலியில், ஆளுக்குப் பல கிராமம் என்று அலைகிறார்கள். அவர்களும் நம் வர்க்கத்துப் பிள்ளைகள்தான்.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம்.

கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் தொடங்கினார்கள். மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதம் வரை பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் கொடுத்து, உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கிராமசபையில் நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். 1998இல் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் ஸ்தாபனம் ஏற்பட்டது; ஏழைப் பெண்கள் அக்கம்பக்கக் குழுவாகச் சேர்ந்து, வார்டு, பஞ்சாயத்து என்று மேலே கட்டிய அமைப்பு. கையில் பணம் உள்ள பஞ்சாயத்து ஒரு பக்கம். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படுக்கையில் கிடக்கிறது என்று தெரிந்த பெண்கள் மறுபக்கம். இரண்டும் சேர்ந்த இடத்தில் முளைத்ததுதான் பட்ஸ் பள்ளி. பட்ஸ் என்றால் மொட்டுகள். முதல் பள்ளி 2004இல் திருவனந்தபுரம் ஜில்லா வெங்ஙானூர் பஞ்சாயத்தில் திறந்தார்கள். இருபது ஆண்டுக்குள் மாநிலம் முழுதும் 300க்கு மேல் ஆயின. பத்தாயிரம் பேருக்கு மேல் அவற்றில் சேர்ந்தார்கள்.

பள்ளி யாருடையது? பஞ்சாயத்துடையது. கட்டிடம், வண்டி, ஆசிரியர் சம்பளம், மத்தியானச் சோறு எல்லாம் அதன் பொறுப்பு. குடும்பஸ்ரீ ஆரம்ப மானியமும் பயிற்சியும் தருகிறது. காலையில் வண்டி வருகிறது. ஆயா இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கி ஏற்றுகிறார். பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்தான். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியை பல் துலக்க, பட்டன் போட, தட்டில் எடுத்துச் சாப்பிட, கழிப்பறை போகக் கற்றுத்தருகிறார். நமக்கு இது படிப்பாகத் தோன்றாது. பதினைந்து வயதுப் பிள்ளை தானாகக் கழிப்பறை போகப் பழகினால் அந்த வீட்டில் ஒரு மனுஷியின் பாதி நாள் மிச்சம். இந்தக் கணக்கு ஆண்களுக்குச் சற்று மெதுவாகத்தான் புரிகிறது. 18 வயது தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. அவர்களுக்கு அதே முறையில் மறுவாழ்வு மையம். காகிதப் பை, கால்மிதி, மெழுகுவர்த்தி செய்கிறார்கள். மாலையில் வண்டி திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. இடைப்பட்ட நேரம் தாயின் நேரம். அவள் வேலைக்குப் போகலாம், கூலி வாங்கலாம். படுத்துத் தூங்கினாலும் நாம் கேட்கப் போவதில்லை, அவளுக்குத் தூக்கம் எத்தனை வருஷப் பாக்கி!

குறை இல்லையா? நிறைய உண்டு. அக்கறையுள்ள பஞ்சாயத்தில் பள்ளி நன்றாக நடக்கும். அக்கறையில்லாத பஞ்சாயத்தில் வண்டி பழுதானால் பழுதுதான், பிள்ளைகள் வீட்டிலேயே. உடற்பயிற்சி மருத்துவர் என்றைக்காவது வருவார். ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் கிடைப்பது நிரந்தர வேலையின் சம்பளமல்ல, மதிப்பூதியம். முழுநேரம் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம் இருக்கிறது. எண்ணம் நல்லது, ஆனால் பணம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. இவ்வளவு குறைகள் இருந்தும் நாம் அந்த முறையை ஏன் எடுத்துச் சொல்கிறோம்? வண்டி வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தாய்க்குத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் அவள் ஓட்டில் வந்தவர், அடுத்த தெருவில் இருப்பவர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

அதே கேரளத்தில் இன்னொரு கதையும் உண்டு. நிர்வாகம் ஜனங்களை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

வடகோடியில் காசர்கோடு ஜில்லா. அங்கே சர்க்காருக்கே சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, முந்திரியைத் தாக்கும் பூச்சிக்கு என்று எண்டோசல்பான் விஷத்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். கீழே குடிசைகள், ஓடைகள், மூடாத கிணறுகள், தோட்டத் தொழிலாளர்கள். சில ஆண்டுகளில் பத்ரே போன்ற கிராமங்களில் குறைபாட்டோடு பிறக்கும் பிள்ளைகள் அதிகமாவதை உள்ளூர் டாக்டர் மோகன்குமார் கவனித்து எழுதினார். பெரியாவில் லீலாகுமாரி அம்மா என்ற விவசாய இலாகா ஊழியர் கோர்ட்டுக்குப் போனார். 2000இல் தெளிப்பு நின்றது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமத்தைவிட இங்கே பிள்ளைகளிடம் நரம்பு சார்ந்த கோளாறும் பிறவிக் கோளாறும் அதிகம் என்றது. மருந்துக் கம்பெனிகளின் பக்கம் நின்றவர்கள் மறுத்தார்கள். மறுப்பதற்கு அவர்களிடம் நேரமும் பணமும் இருந்தன. கடைசியில் ஜனநாயக வாலிபர் சங்கம் போட்ட வழக்கில் 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் அந்த விஷத்தைத் தடை செய்தது.

விஷத்தை நிறுத்தியாயிற்று. பிள்ளைகள்? மருத்துவ முகாம் நடத்திப் பட்டியல் எடுத்தார்கள். இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் பென்ஷன், சிகிச்சை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை உள்ளே, ஒன்று வெளியே. 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய், மூன்று மாதத்துக்குள் என்றது. ஐந்து ஆண்டு கழிந்தது. 2022இல் கோர்ட் கணக்குக் கேட்டபோது 3704 பேரில் 8 பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த எட்டுப் பேரும் மறுபடி கோர்ட் படி ஏறியவர்கள். இடையில் 2019இல் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். இந்த ஐந்தாண்டும் அங்கே இருந்தது இடது முன்னணி சர்க்கார். அதை மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. பட்ஸ் பள்ளியையும் அதே மண்ணில் அதே ஜனங்கள்தான் கட்டினார்கள். பஞ்சாயத்து வாசலில் இருந்த வேலை நடந்தது. ஃபைலாக மேலே போன வேலை அங்கேயே தூங்கியது.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு தோழர் கேட்டார்: சர்க்காரே பெரிய விடுதியாக ஒன்று கட்டி எல்லோரையும் சேர்த்து வைத்துக்கொண்டால் என்ன? தாயும் தப்பித்தாள், பிள்ளையும் பிழைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உலகத்திலேயே பணக்கார நாடு அதைச் செய்து பார்த்தது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் வில்லோபுரூக் என்ற சர்க்கார் விடுதி. 4000 பேருக்குக் கட்டியது; 1960களில் 6000 பேருக்கு மேல் அடைத்தார்கள். துணியில்லாமல், கழிவிலேயே கிடந்தார்கள் பிள்ளைகள். அங்கிருந்த குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள் டாக்டர்கள். 1971இல் சிக்கனம் என்று ஆட்குறைப்பும் செய்தார்கள். மில்லில் ஆளைக் குறைத்தால் மிஞ்சியவனுக்குக் கூடுதல் தறி. அங்கே ஆளைக் குறைத்தால் பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கை இல்லை. 1972இல் டெலிவிஷனில் வெளியே வந்தது. பெற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 1975இல் சர்க்கார் இறங்கி வந்து, பிள்ளைகளை ஊருக்குள் சிறு வீடுகளில் குடியமர்த்த ஒப்புக்கொண்டது. 1987இல் அந்த விடுதியை இழுத்து மூடினார்கள். தூரத்தில், மதிலுக்குள், கேட்பாரில்லாத இடத்தில் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். நமக்கு வேண்டியது பகலில் பள்ளி, இரவில் வீடு. பெற்றவர் இல்லாமல் போனவர்களுக்கு அதே ஊரில் சிறிய இல்லம்.

பெற்றவர் இல்லாமல் போனால் என்ற பேச்சு வந்துவிட்டது. எந்தத் தாயைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறாள்: எனக்கு முன்னால் அது போய்விட வேண்டும் என்று. பெற்றவள் வாயில் இந்தச் சொல் வருகிறது, தோழர்களே.

இதில் நமக்கு உடனே தெரிய வேண்டிய விஷயம் ஒன்று. பிள்ளைக்கு 18 வயது ஆனவுடன் சட்டப்படி தகப்பன்கூடப் பாதுகாவலர் அல்ல. பாங்கியில், பத்திர ஆபீசில் இது வந்து இடிக்கும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஜில்லாவிலும் ஸ்தலக் கமிட்டி உண்டு. கலெக்டர் அந்தஸ்துள்ள அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் சேர்ந்தது. அதனிடம் மனுப் போட்டுப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். தகப்பன் இறந்தபின் சித்தப்பன் பெரியப்பன் வந்து பிள்ளையின் பங்கு வீட்டை எழுதி வாங்கும் கதை நமக்குப் புதிதல்ல. நியமனம் பெற்ற பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஆண்டுதோறும் கணக்கும் அந்தக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். தவறாக நடந்தால் அவரை நீக்கலாம். கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்பதும் சட்டம். நம் ஜில்லாவில் கடைசியாக என்றைக்குக் கூடியது என்று தேதி கேட்டு எழுதுவோம். அதே அறக்கட்டளையில் நிராமயா என்ற இன்ஷூரன்ஸ் உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு. இதில் பேர் சேர்த்தவர் கை தூக்குங்கள் என்றால் இந்தக் கூட்டத்தில் எத்தனை கை எழும்?

இனி வேலைத் திட்டம். நம் உறுப்பினர் இருக்கும் தெருவெல்லாம் இந்த மாதத்துக்குள் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்கிறோம். மாதர் தோழர்கள் முன்னால் போக வேண்டும். ஆண்கள் போய் நின்றால் கதவு திறக்காது, பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பேர், வயது, சான்றிதழ் உண்டா, சதம் எவ்வளவு, பணம் வருகிறதா, தாய் முன்பு என்ன வேலை செய்தாள், எந்த வருஷம் விட்டாள். கடைசி இரண்டு கேள்வியை எந்த சர்க்கார் படிவமும் கேட்டதில்லை. அந்தப் பட்டியலோடு கிராமசபைக்குப் போகிறோம். பஞ்சாயத்து ஒன்றியத்துக்கு ஒரு பகல் பள்ளி, ஒரு வண்டி, அதில் வேலை செய்யும் பெண்களுக்குச் சட்டப்படியான ஊதியம், நிர்வாகக் கமிட்டியில் பாதிக்குக் குறையாமல் தாய்மார் என்று தீர்மானம் கொண்டுவருகிறோம். மத்திய பென்ஷனில் 80 சதம் என்ற வாசற்படியை எடுத்துவிட்டு, சட்டத்தில் உள்ள 40 சதத்தையே வைக்க வேண்டும் என்பது நமது அடுத்த மகாநாட்டின் கோரிக்கையில் சேரும்.

சான்றிதழ் இல்லாதவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பிள்ளையின் போட்டோ, பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். பிள்ளையைத் தூக்கி வர முடியாதவர்கள் இன்றே பேரையும் தெருவையும் கொடுத்துவிட்டுப் போங்கள். முகாம் நாளன்று ஆட்டோவுக்குச் சங்கம் ஏற்பாடு செய்யும்.